ஒரு விநாடிக்கு மூன்று மணி நேரம்

கணினி பழுதுபார்க்கும் தொழிலில் பாதி வேலை பழுது பார்ப்பது. மீதிப் பாதி, பழுது பார்ப்பதுபோல் காட்டிக்கொள்வது. கனகசபை ஐயாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, நான் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டாவது பாதியைத்தான் பயபக்தியோடு செய்துகொண்டிருந்தார். தொண்ணூறுகளில் திரையில் மணல்கடிகாரத்தை வெறித்துக்கொண்டு கோப்பியை ஆறவிட்டவர் நீங்களும் என்றால், என் பாவம் உங்களுக்குப் புரியும்.

வண்ணச் சதுரங்கள்

என் கடை பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, பின்னால். தையல்கடை லெட்சுமியின் கணினி நகர மறுத்தது. "ரேம் போதல, கூட்டணும்" என்றேன். செலவை நினைத்து அவர் முகம் சுருங்கிவிட்டது. சமாதானத்துக்கு டீபிராக் போட்டுவிட்டேன். ஹார்ட் டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளைச் சேர்த்து அடுக்கும் வேலை அது. டிஸ்க் நிரம்பி வழிந்தால் கொஞ்சம் பலன் உண்டு. லெட்சுமியின் கணினிக்கு ஒரு பலனும் இல்லை. ஆனால் திரையில் குட்டிச் சதுரங்கள் நிறம் மாறி ஊர்வதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"பார்த்தீங்களா அண்ணே, இப்ப லாஜூ ஆயிருச்சு, என்னா வேகம்! சும்மா ரேம் ரேம்னு பயம் காட்டுறீங்க லா."

வெள்ளிக்கிழமை விரதம்

அன்றிலிருந்து கேட்டவருக்கெல்லாம் அதையே மருந்தாகக் கொடுத்தேன். அப்படித்தான் கனகசபை ஐயா மாட்டினார். கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில், ஓய்வுபெற்ற ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. ஒரு முறை மாரடைப்பு வந்து, டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். தம் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த கதையை, ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்தக் கதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முடிப்பதற்குள் போய்விடுவோமோ என்ற பயம் அவருக்கு. "கோப்புத் திறக்கச் சுணங்குது தம்பி" என்றார். வாராவாரம் டீபிராக் போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைதோறும் குளித்து, திருநீறு பூசி, முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஓடி முடிய மூன்று மணி நேரம். அதுவரை ஓர் எழுத்துத் தட்டமாட்டார். அசையாமல் விட்டால் ஸ்கிரீன் சேவராக முருகன் படம் வரும்; வந்தால் டீபிராக் முதலிலிருந்து தொடங்கிவிடும். அதனால் மவுஸை ஆட்டிக்கொண்டே காவல் இருப்பார். ஒரு நாள் கண் அயர்ந்துவிட்டாராம். உடனே எனக்குப் போன்.

"தம்பி, தொண்ணூற்று மூன்று வீதம் முடிஞ்சது. முருகன் வந்திட்டார், திரும்பவும் சைபர்."

கைக்கடிகாரம்

என் மனைவி அப்போது இருந்தாள். கடையில் அவள்தான் முன்மேசை. ஐயா கீபோர்டு மாற்றக் கணினியைக் கொண்டுவந்து விட்டுப்போன அன்று, "நெசமாவே வேகமாகுதா?" என்று கேட்டாள். எனக்கே தெரியாது; புத்தகத்தில் படித்ததை ஒப்பித்தவன் நான். கடிகாரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தோம். டீபிராக்குக்கு முன், அவர் கோப்புத் திறக்கப் பதினொரு விநாடி. பின், பத்து. டிஸ்கில் முக்கால்வாசி காலி. அடுக்குவதற்கே ஒன்றும் இல்லை. நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மூணு மணி நேரத்துல மனுசன் ரெண்டு பக்கம் எழுதியிருப்பாரே. போய்ச் சொல்லுங்க."

முடியட்டும்

அடுத்த வெள்ளிக்கிழமை பெர்ரி ஏறி, பஸ் பிடித்துப் போனேன். ஐயா மவுஸைப் பிடித்தபடி இருந்தார். நாற்பது சதவீதம். "இது வேண்டாம் ஐயா, நிறுத்திட்டு எழுதுங்க. நான் சொன்னது தப்பு" என்றேன். தொழிலில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். அவர் என்னைக் கிறுக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"விசர்க் கதை கதையாதையும். பாதியில நிப்பாட்டினா பழுதாப்போம். முடியட்டும், நாளைக்கு எழுதுறன்."

மறுநாள் விடியுமுன் இரண்டாவது மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்தபின், கோப்பைப் பிளாப்பியில் எடுத்துத் தரச் சொல்லி அவர் மகள் கணினியைக் கொண்டுவந்தார். ஒரு துண்டுகூடச் சிதறாமல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த அந்த டிஸ்கில் மொத்தம் இருபத்தேழு பக்கம் இருந்தது, கடைசிப் பக்கத்தில் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, அப்பா இன்னும் இறங்கவில்லை.