கணக்குக்கு மட்டும் வந்த காமாலை

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கினால் ஒரு பச்சை நிறம் வரும். அந்த நிறத்தில் என்னிடம் இன்றுவரை ஒரு புடவைகூடக் கிடையாது. பதினைந்து வயதில் ஒரு மாதத்துக்கும் மேலாக, தினமும் காலையில் வெறும் வயிற்றில் அதை ஒரு டம்ளர் குடித்தேன். அதன்பிறகு உப்பில்லாத மோர்ச்சோறு. எனக்குக் காமாலை இல்லை. சளிகூட இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கில் ஃபெயிலாகியிருந்தேன். அதற்குத்தான் எங்கள் வீட்டில் இந்த வைத்தியம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில், தெற்குவாசல் பக்கம் வாடகை வீடு. நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே அப்பா கணக்கு வாத்தியார். கண்டிப்பானவர் என்று பெயர். அவர் வகுப்பில் முப்பத்தைந்துதான் பாஸ் என்றால் முப்பத்துநாலு ஃபெயில்தான், எந்தக் கலெக்டர் மகளாக இருந்தாலும். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதி, பூக்கடைக்காரர் மகள், முழுப் பரீட்சையில் முப்பத்துமூன்று வாங்கினாள். அவளை அதே வகுப்பில் உட்கார வைத்தார். அதே விடைத்தாள் கட்டில் இருந்த என் பேப்பருக்கு ஐம்பத்தெட்டு போட்டார். அதில் இரண்டு கணக்குகளைப் பாதியில் விட்டிருந்தேன். இன்னொன்றில் கேள்வியை மட்டும் எழுதியிருந்தேன். மூன்றுக்கும் சிவப்பு டிக். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுக்கும் அப்பாவிடம் போய், என் மார்க்கைக் குறைத்துப் போடுங்கள் என்று எந்தப் பிள்ளை கேட்கும்?

மற்ற பிள்ளைகளுக்குப் போர்டில் மூன்று முறை போட்டுக் காட்டுவார். புரியாதவளை எழுப்பிவிட்டு, அவள் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் உட்காரச் சொல்வார். என்னை ஒருநாளும் எழுப்பியதில்லை. நான் முழிப்பதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாதாம். பிறத்தியார் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு, பெற்ற பிள்ளைக்கு மட்டும் மார்க். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்தாம் வகுப்புப் பேப்பரை வேறு ஊரில் யாரோ திருத்தினார்கள். நான் வாத்தியார் மகள் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தெரியாது. ரிசல்ட் வந்த நாளில் நியூஸ் பேப்பரில் என் நம்பர் இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் அழக்கூட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அவருக்கு யோசனை வந்துவிட்டது. எனக்குப் பரீட்சையின்போதே மஞ்சள் காமாலையாம். யாருக்கும் தெரியாமல் இருந்து இப்போது முற்றிவிட்டதாம். அம்மா உப்பு ஜாடியை எடுத்து மேல் தட்டில் வைத்தாள்.

பொய் என்றால் சொல்லிவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பத்தியமும் இருந்தாக வேண்டும். பார்க்க வருகிறவர்கள் சோற்றுத் தட்டையும் பார்ப்பார்களே. கொட்டாம்பட்டியிலிருந்து தாய்மாமா வாரம் ஒருதரம் பஸ் ஏறி வந்தார். வரப்பில் பிடுங்கிய கீழாநெல்லியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். “கண்ணு இம்புட்டு வெள்ளையா இருக்கே ஆத்தா, நல்லாத் தெளிஞ்சிருச்சு. இன்னும் ரெண்டு வாரம் குடிச்சிரு, வேரோட போயிரும்” என்பார். வேலையை விட்டுவிட்டு வந்த அந்த மனிதரை ஏமாற்றியதுதான் எனக்கு மார்க்கைவிடக் கேவலமாக இருந்தது.

அப்பாவுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில் கிணற்றில் விழுந்த பிள்ளைகளைப் பற்றி வரும். அந்தச் செய்திகளை அவர் படிக்காமல் மடித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பயம் நியாயம்தான். அதற்காக, தோற்றது தெரிந்தால் செத்துப்போக வேண்டிய விஷயம்போல அதை மூடி மூடி வைத்தால், உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? எனக்கு அந்த ஒரு மாதமும் அப்படித்தான் தோன்றியது.

சிநேகிதி இளநீரோடு வந்தாள். அம்மா அடுப்படிக்குப் போனதும், “எனக்குக் காமாலையெல்லாம் இல்லடி. கணக்குல போயிருச்சு” என்று சொல்லிவிட்டேன். அவளிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு ஆச்சரியமே இல்லை. “ஒங்கண்ணப் பாத்தப்பவே நெனச்சேன்” என்று இளநீரை என் கையில் கொடுத்தாள். “ஃபெயிலானா ஒண்ணும் ஆகாது புள்ள. மொத நாளு சோறு எறங்காது. மறுநாளு பசிச்சிரும். எங்கய்யா நாலு சாத்து சாத்துனாரு. அப்புறம் அவரே புது நோட்டு வாங்கியாந்தாரு. இப்ப ஒங்கப்பா சொல்லிக்குடுக்கிறது எனக்கு அம்புட்டும் புரியுது தெரியுமா?” அவளுக்குப் புரிகிறது. அவர் மகளுக்குப் புரியவில்லை. அன்று இரவு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

அக்டோபரில் திரும்ப எழுதலாம். விண்ணப்பம் பள்ளி ஆபீஸில் கிடைக்கும். “வாங்கிட்டு வாரேன்” என்று அப்பா தினமும் சொல்லிவிட்டு வெறும் கையோடு வந்தார். கடைசித் தேதிக்கு முந்தின நாள் நான் பிடிவாதமாகக் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னார். “வேணாம் பாப்பா. இன்னொருவாட்டி போயிருச்சுன்னா நீ தாங்க மாட்ட. டைப்ரைட்டிங் சேத்துவிடுறேன். ரெண்டு வருசத்துல நல்ல எடமாப் பாத்துருவோம்.” என் படிப்பு அன்றோடு முடிந்தது என்று அவ்வளவு பிரியமாகச் சொன்னார்.

மறுநாள் நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் அறையில் நாலைந்து வாத்தியார்கள் இருந்தார்கள். கையில் சாக்பீஸ் தூளோடு அப்பாவும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். “சார், எனக்குக் காமாலை இல்ல. நான் ஃபெயிலு. எனக்கு ஃபாரம் வேணும்” என்றேன். ஹெட்மாஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்தபடியே சொன்னார்: “தெரியும்மா. மார்க் ஷீட்டு எங்கிட்டதான வந்துச்சு. தமிழ்ல எழுபத்தொண்ணு, சயின்ஸ்ல அறுபது, கணக்குல இருபத்தொம்பது. காமாலை கணக்குக்கு மட்டும் வந்துச்சாக்கும்.” யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருந்தது. தெரியாதவர் கொட்டாம்பட்டி மாமா ஒருவர்தான். அவருக்காகத்தான் நான் உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

அக்டோபரில் எழுதினேன். திரும்பவும் ஃபெயில். ரிசல்ட் பேப்பரோடு வீட்டுக்கு வந்த அப்பா கதவைச் சாத்தினார். “நம்பர் அச்சுல விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம் பாப்பா” என்றார். நான் கதவைத் திறந்து, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். வரிசையில் நின்றவர்களிடம், “எனக்குக் கணக்குல திரும்பவும் போயிருச்சு” என்றேன். முன்னால் நின்ற அக்கா திரும்பிப் பார்த்து, “சரி, கொடத்த எம்பின்னால வையி. தண்ணி நிக்கப் போகுது” என்றாள். அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒரு வீடே இத்தனை மாதம் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த மார்ச்சில் நாற்பத்துநாலு வாங்கிப் பாஸானேன். பிறகு கல்லூரி, வேலை, எல்லாம் ஆனது. போன மாதம் என் மகன் தன் மகளின் டீச்சருக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளைக்கும் ஒரு கப் கொடுத்துவிடுங்கள், பணம் நான் தருகிறேன், பிள்ளை மனசு ஒடிந்துவிடும் என்று. நான் போனைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. பேசாமல் போகட்டும். அந்தக் குழந்தை இரண்டு கால்களால் ஓடிக் கடைசியாக வந்திருக்கிறது. அது அவளுடையது. அதை அவளிடமிருந்து காசு கொடுத்து வாங்க இவன் யார்?

அவனிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. குழாயடியிலிருந்து திரும்பி வந்த அன்று அப்பாவிடம் கேட்டேன்: “பூக்கடைக்காரர் மகளுக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி எனக்குச் சொல்லிக்குடுப்பீங்களா, மாட்டீங்களா?” மறுநாள் காலையில் ஒரு கேள்வித்தாளைத் தன் கையால் எழுதி என் முன்னால் வைத்துவிட்டு, இரண்டரை மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். நாற்பது பேப்பரை ஒரு மூச்சில் திருத்துகிறவருக்கு அந்த ஒரு பேப்பருக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு தப்பையும் சுழிக்கும்போது கை தயங்கியது, ஆனால் சுழித்தார். எட்டாவது கணக்கில் ஓரிடத்தில் கோடு கிழித்து, “இதுவரைக்கும் சரி” என்று ஓரத்தில் எழுதினார். எல்லாவற்றையும் கூட்டி, மேலே பதினெட்டு என்று போட்டு வட்டமிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அத்தனை வருஷத்தில் அப்பா எனக்குப் போட்ட முதல் மார்க் அதுதான்.