ஏலகிரி மூடுபனியில் இரண்டு நாய்கள்

மார்கழிக் குளிரில் ஏலகிரி மலையேறலாம் என்றவன் குமரன். முகப்பேர் அடுக்ககத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அவன் வளர்க்கும் ஹஸ்கி நாய் ஸ்நோ, ஏசி அறையை விட்டு வெளியே வராது. அதற்கு ஒருநாளாவது நிஜக் குளிரைக் காட்ட வேண்டுமாம். எங்கள் நண்பன் கஜா மண்ணூர்பேட்டையிலிருந்து காரோடு வந்தான். கூடவே அவன் தெருவில் எடுத்து வளர்த்த நாய் மணியும்.

அதிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். பூந்தமல்லி தாண்டுவதற்குள் ஸ்நோ என் மடியில் வாந்தி எடுத்தது. ஸ்ரீபெரும்புதூரில் கழுவினேன். வாலாஜாவில் மறுபடியும் கழுவினேன்.

"இன்னா மச்சான், ஃபாரின் நாய்க்கு நம்ம ரோடு ஒத்துக்கலயா?" என்று கஜா சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்; கடைசியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதரைக்கு மங்களம் கிராமத்தில் இறங்கினோம். சுவாமிமலை உச்சிக்கு அங்கிருந்து நடைதான். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. காதுமடல் வலித்தது.

குளிருக்கென்றே பிறந்த ஸ்நோ அரைமணி நேரம் நடந்துவிட்டு ஒரு பாறைமேல் படுத்துக்கொண்டது. பிஸ்கட், கெஞ்சல், அதட்டல் எதற்கும் அசையவில்லை.

"பாவம், டயர்டாயிட்டான்டா" என்று குமரன் அதைத் தோளில் ஏற்றினான். இருபத்தைந்து கிலோ. கொஞ்ச தூரத்தில் என் தோளுக்கு மாற்றினான். அடுத்த பாறையிலேயே இறக்கிவிட்டு, "நாயைச் சுமக்கவாடா லீவு போட்டேன்?" என்று கத்திவிட்டேன். அவனும் கத்தினான்.

அந்தச் சண்டையில் மணியை யாரும் கவனிக்கவில்லை. புதரில் ஏதோ சலசலக்க, அது பாய்ந்து பனிக்குள் மறைந்துவிட்டது.

விறகுக்கட்டோடு இறங்கி வந்த அம்மா ஒருவர், "கரடி நடமாடுற எடம்ப்பா. நாயை அவுத்தா விட்டீங்க?" என்றார்.

கஜாவின் முகம் வெளுத்தது. குரல் கம்மும்வரை கூப்பிட்டான். முக்கால் மணி நேரம் மேலும் கீழும் தேடிவிட்டு அதே பாறைக்குத் திரும்பினோம்.

"வந்துரும்டா" என்றேன்.

"அதுக்கு தெருதான் தெரியும் மாமே. காட்ட எங்க பாத்துகீது? நீங்க போங்க. அது இல்லாம நான் ஊட்டுக்கு வர்ல."

படுத்துக் கிடந்த ஸ்நோ திடீரென்று தலையை நிமிர்த்தி ஊளையிட்டது. நீளமாக, மலையே கேட்கும்படி. நிறுத்திவிட்டு மறுபடியும் ஊளையிட்டது. கீழே பள்ளத்திலிருந்து ஒரு குரைப்பு பதிலாக வந்தது. சிறிது நேரத்தில், காது கிழிந்து, நொண்டிக்கொண்டு மணி மேலேறி வந்தது. கஜா அதைக் கட்டிக்கொண்டு அழுதான். குமரன், "பாத்தீங்களா, என் ஸ்நோ..." என்று ஆரம்பித்தான். நான் முறைத்தேன்.

பனி விலகியபோது உச்சி பக்கத்திலேயே தெரிந்தது. நொண்டும் நாயோடு ஏற முடியாது. திரும்பினோம்.

தன் காரை யாரையும் தொடவிடாத கஜா, சாவியைக் குமரனிடம் நீட்டிவிட்டு மணியோடு பின்சீட்டில் உட்கார்ந்தான். ஸ்ரீபெரும்புதூர் நெருங்க ஸ்வெட்டர் கசகசத்தது. என் பேன்ட் இன்னும் நாறியது.

"உச்சிக்குப் போலியேன்னு காண்டா மச்சான்?" என்றான் கஜா.

"ஆமாம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ஒரு கையால் மணியை அணைத்திருந்தவன், இன்னொரு கையால் ஸ்நோவின் தலையையும் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான்.