தெருவைப் பார்க்காத செருப்பு

ஈரத்தடத்தை முதலில் பார்த்தவள் என் மனைவி வசந்தா. கூடத்துத் தரையில், நான் நடந்துவந்த வழி நெடுக, வலது கால் பதிந்த இடத்தில் மட்டும் ஈரம்.

"இன்னாங்க, கால் கழுவிட்டுத் தொடைக்கலயா?" என்றாள். நான் கால் கழுவவே இல்லை.

பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். விரல்களுக்குக் கீழே பெரிய கொப்புளம் உடைந்து, தோல் தனியே தொங்கியது. வலி துளியும் இல்லை.

காரணம் முந்தைய நாள் நண்பகல். தொண்டூரில் எங்கள் நவரைப் பருவத்து நெல்லை சிமெண்டுக் களத்தில் காயவைத்திருந்தோம். நெல் கிடக்கும் களத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. நானும் ஓரத்தில் கழற்றிவிட்டு, நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் மற்றவர்கள் நிழலுக்கு ஓடி ஓடித் திரும்பினார்கள். எனக்குச் சுடவில்லை. அதைத் தெம்பு என்று நினைத்தேன். அதன் பெயர் நியூரோபதி (சர்க்கரை நோயால் நரம்பின் உணர்வு மங்கிப்போதல்).

"ஊர் நியூசெல்லாம் எழுதனவரு. கால்ல ஓட்ட வுழுந்த நியூசு மட்டும் வரல" என்றாள் வசந்தா. நாளிதழ் வேலையை விட்டு வந்த பிறகும் இந்தக் கிண்டல் எனக்கு ஓயவில்லை.

ஒரு வாரத்தில் மூன்று விரல்களின் அடியில் புண் கறுத்தது. தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். காப்பீட்டு அட்டையை வாங்கிப் பார்த்த அலுவலர் இனிமையாகப் பேசினார்.

"கார்டு இருக்குது சார், கவலையே படாதீங்க. அட்மிட் ஆவுங்க. மூணு விரலையும் எடுத்துடலாம். உங்களுக்குச் செலவே இல்ல."

"எடுக்காம ஆத்த முடியாதா?"

"அது தினம் வந்து கட்டு கட்டிட்டுப் போறது. அட்மிஷன் இல்லன்னா கார்டு இல்ல சார்."

அவர் பொய் சொல்லவில்லை. என் அட்டைக்கு விரல் எடுப்பது ஒரு சிகிச்சை. விரல் தங்குவது கணக்கில் வராத ஒன்று. காப்பீட்டு வரம்பை உயர்த்துவது பற்றி எத்தனையோ செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். எதற்குப் பணம் தருகிறோமோ அதுதான் அதிகம் நடக்கும் என்பது, என் விரல்கள் விலைப்பட்டியலில் ஏறியபோதுதான் உறைத்தது.

அரசு மருத்துவமனைக்கு வந்தோம். அங்கிருந்த அறுவை மருத்துவர் இளம்பெண். பாதத்தில் நாடி பார்த்தார்.

"ரத்த ஓட்டம் நல்லா இருக்குது. விரல் தப்பிச்சுக்கும்" என்றார். அன்றே டெப்ரிட்மெண்ட் (இறந்த சதையைச் சுரண்டி நீக்குதல்) செய்தார். "இனிமே ஒண்ணுதான் முக்கியம். இந்தக் காலை ஊனாதீங்க."

மறுமுறை கட்டு மாற்றப் போனால், ஊசி போடும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். கட்டுக்கென்று தனி இடம் இல்லை. ஊன்றக் கூடாத காலோடு நின்றேன். கட்டுத்துணியில் ரத்தம் ஊறியது.

"இதுக்கு நாங்க ஊட்லயே இருந்திருக்கலாம்" என்று வசந்தா மருத்துவரிடமே சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. உள்நோயாளிகளுக்கான காப்பீட்டுப் பணத்தில் மருத்துவமனைக்கும் ஒரு பங்கு வருகிறது. அதைச் செலவிடும் குழு அடுத்த வாரம் கூடுகிறது. வாசலுக்கு அலங்கார வளைவு கட்டுவது பற்றிப் பேச்சு இருக்கிறது என்றார். "நோயாளியா நீங்க வந்து பேசறீங்களா?"

குழுக் கூட்டத்தில் பேசினேன். "காலை வெட்டினா இங்க பணம் வருது. அந்தப் பணத்துல கொஞ்சம், வெட்டாம இருக்கறதுக்குப் போடுங்க. கட்டு கட்ட ஒரு ரூமு குடுங்க."

குழுவில் இருந்த ஒப்பந்ததாரர் சிரித்தார். "கட்டு கட்ட ஒரு ரூமாங்க?"

மருத்துவர் திரும்பினார். "ஒரு கால் போனா அவர் வேலை போகும். பாத்துக்கற ஒருத்தர் வேலையும் போகும். அடுத்த வருஷம் இன்னொரு ஆபரேஷனுக்கு இங்கதான் வருவாரு. அதையும் காப்பீடுதான் கட்டணும். ரூமு மலிவுங்க."

வளைவு கட்டும் யோசனை கைவிடப்பட்டது. மருந்துக் கிடங்கை ஒட்டிய அறை எங்களுக்குக் கிடைத்தது. உட்கார நாற்காலிகள், காலை நீட்ட முக்காலிகள், கட்டுத்துணி, ஒரு செவிலியர். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். என் புண் ஓரத்திலிருந்து சிவந்து, சுருங்கி, ஆவணியில் மூடியது. அதற்குள் அந்த நாற்காலிகள் போதாமல் போயின. விரல் எடுக்க நாள் குறித்திருந்த மேஸ்திரி ஒருவர் அதே அறையிலிருந்து ஐந்து விரல்களோடும் நடந்து போனதைப் பார்த்தேன். மற்ற ஊர்களிலும் இப்படி அறை கேட்கலாம். இதைப் படிக்கிறவர்களுக்குப் புண் இருந்தால், கத்திக்குச் சம்மதிக்கும் முன் "ஆற்ற முடியுமா?" என்று இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

இப்போது தினமும் விளக்கு வைத்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதம் பார்க்கிறேன். அதைப் பார்க்காமல் என் நாள் முடிவதில்லை. என் உடம்பின் ஒரு பகுதியை நான் கண்ணால்தான் அறிகிறேன்.

இந்தச் சித்திரையில் மறுபடி களம். வசந்தா பையிலிருந்து புதிய எம்.சி.ஆர். செருப்பை (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற செருப்பு) எடுத்துக் களத்தின் மேலேயே வைத்தாள்.

என் தம்பி பதறினான். "களத்துல செருப்பா? இன்னா அண்ணி இது?"

"இது தெருவையே பாக்காத செருப்பு. களத்துக்குன்னே வாங்கனது. நெல்லுக்குக் கோவம்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

நான் செருப்பை மாட்டி, நெல் தள்ளும் பலகையைக் கையில் எடுத்தேன்.

"சுடுதாடா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"கொதிக்குதுண்ணா!" என்று கால் மாற்றிக் கால் குதித்தான்.

தெரிந்துகொண்டேன். பத்து விரல்களோடும் நெல்லுக்குள் இறங்கினேன்.