மஞ்சுக்குள் கேட்ட பெயர்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால், "அப்போ பெரியவங்களுக்கு எப்ப எழுதுவீங்க?" என்று கேட்பார்கள். ஏதோ நான் இன்னும் பால்பல் விழாத எழுத்தாளர் போல. பெரியவர்களுக்கு ஒரு கதை பிடித்தால் நாலு பேரிடம் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் அதில் உள்ளபடி செய்து பார்ப்பார்கள். அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

நான் பிறந்தது கொடைக்கானல் மேல்மலையில், கிளாவரை என்ற ஊரில். வீட்டில் பூண்டு விவசாயம். மூடுபனியை நாங்கள் மஞ்சு என்போம். மஞ்சு இறங்கிவிட்டால் காட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். "ஊ" என்று கூவுவோம். வழி தவறியவர் இருந்த இடத்திலிருந்தே திருப்பிக் கூவ வேண்டும், தேடுகிறவர்தான் நடக்க வேண்டும். பெயர் சொல்லி ஒரு குரல் கேட்டால் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட வேண்டும். ஏன் என்று கேட்டால், "கேக்காத, உக்காரு" என்பதுதான் அம்மாவின் பதில்.

கொடைக்கானலுக்குக் குடிவந்து எழுத ஆரம்பித்தபோது, முதல் நாவலுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். பெயர் சொல்லி அழைப்பது பேய் என்று வைத்தேன். கதாநாயகி கடைசிவரை அதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்து, "ஊ" என்று கேட்டதும் திருப்பிக் கூவித் தப்பிக்கிறாள். புத்தகம் நன்றாக ஓடியது. பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் ஊர்க் குளிருக்கு அது எந்த மூலைக்கு.

சென்ற மாதம் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து ஒரு பள்ளி சுற்றுலா வந்திருந்தது. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தங்கியிருந்த பிள்ளைகளோடு பேச என்னை அழைத்தார்கள். மதியம் நான் போய் இறங்கியபோது டீச்சர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரு மாணவியைக் காணவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் என் புத்தகத்தோடு சோலைக் காட்டுப் பக்கம் போனதைத் தோழிகள் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மஞ்சு இறங்கிவிட்டது.

"கத்திக் கத்தித் தொண்ட போச்சுக்கா. ஒரு சத்தத்தையும் காணோம்," என்றார் ஜீப் ஓட்டுநர். "அங்கிட்டுப் பூரா பள்ளமாக் கெடக்கு. கால் தவறுனா அம்புட்டுத்தான்."

ஆட்கள் காட்டு ஓரத்தில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரில் இருந்த மரம்கூடத் தெரியவில்லை. கூப்பிட்ட பெயர் அந்த வெள்ளைக்குள் போய், கொஞ்சம் பொறுத்து, கீழேயிருந்து வேறு யாரோ கூப்பிடுவது போலத் திரும்பி வந்தது. உயிரோடு இருந்தால் அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பேர் சொல்லாதீங்க. எல்லாரும் நிறுத்துங்க," என்றேன்.

"பேர் சொல்லாம எப்படி மேடம் கூப்பிடுறது?" டீச்சர் அழுதேவிட்டார்.

நான் கூவினேன். வெகுகாலம் கூவாத தொண்டை, இருமல்தான் வந்தது. மறுபடி கூவினேன். ஒன்றுமில்லை. டீச்சர் என் முழங்கையை விடாமல் பிடித்திருந்தார். இன்னும் ஒருமுறை கூவியபோது, வலப்பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு "ஊ" வந்தது.

கூவிக் கூவித்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தோம். ஒரு பாறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, புத்தகத்தை மடியில் இடுக்கி, நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் பாறை முடிந்திருந்தது.

ஜீப்பில் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் பேசினாள். "கீழ இருந்து என் பேரைக் கூப்பிட்டுட்டே இருந்துச்சு மேம். எங்க டீச்சர் குரல் மாதிரியே. போயிரலாம்னு எந்திரிச்சுட்டேன். அப்புறம் உங்க கதை ஞாபகம் வந்துச்சு. உக்காந்துட்டேன்."

அம்மா சொல்லாத காரணம் அதுதான். பாறையில் பட்ட குரல் பள்ளத்திலிருந்து திரும்பி வரும். பெயரைக் கேட்டவர் அதை நோக்கி நடப்பார். பேய் எதுவும் தேவையில்லை.

"ரெண்டாவது புக்ல அவ பதில் சொல்லுவாளா மேம்?"

நான் வெளியே பார்த்துக்கொண்டேன். இரண்டாம் பாகத்தில் அவள் பதில் சொல்கிறாள். முதல் கதை மாதிரியே இருக்கக் கூடாது என்று, கூப்பிடுவது பேய் இல்லை, இறந்துபோன அக்கா என்று மாற்றியிருந்தேன். கடைசி அத்தியாயத்தில் அந்தக் குரலை நம்பி எழுந்து மஞ்சுக்குள் நடக்கிறாள். அக்கா வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். எழுதி முடித்து நானே அழுதேன், அவ்வளவு அழகாக வந்திருந்தது.

டவுனுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் பதிப்பாளரைக் கூப்பிட்டு, இரண்டாம் பாகத்தை வெளியே விட வேண்டாம் என்றேன். மதுரைக்காரர், எதற்கும் பதற மாட்டார்.

"காலைல வெள்ளனே வண்டி ஏத்தியாச்சேங்க," என்றார். "இந்தத் தடவ கடைக்கு அப்பறந்தான். கொடைக்கானலுக்கு டூர் வர்ற ஸ்கூலாப் பாத்து மொதல்ல அனுப்பிருக்கோம். பிள்ளைக பஸ்லயே படிச்சு முடிச்சுட்டு வந்து எறங்குவாக, பாருங்க."