வெள்ளிக்கிழமை மாலை அடித்த தொலைபேசி

1973 அக்டோபர். நாங்கள் மெல்பர்னில் காஃபீல்ட் பகுதியில் குடியிருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. என் அண்ணன் டேவிட் இஸ்ரேலில் ஒரு பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தான். யோம் கிப்பூர் நோன்பு நாளன்று அங்கே போர் மூண்டது. அதன்பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மதராஸிலிருந்து வந்த யூதர்கள். அப்பாவின் முன்னோர் கொச்சிக்காரர்கள், ஆனால் வீட்டில் பேச்சு தமிழ்தான். ஜெபக்கூடத்தில் போலந்திலிருந்து வந்தவர்களே அதிகம். எங்கள் நிறத்தைப் பார்த்து, "நீங்க நிஜமாவே யூதர்தானா?" என்று கேட்பார்கள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அணுகுண்டைப் பற்றி என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பேசுவார்கள். பசிபிக் கடலில் பிரான்ஸ் குண்டு வெடித்துச் சோதனை செய்த வருடம் அது. குண்டு விழுந்தால் எல்லார் மேலும் விழும் என்பது அவர்கள் பயம். முதலில் எங்கள் மேல்தான் விழும் என்பது என் பயம். ஜெபக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களின் கையில் நாஜிகளின் வதைமுகாமில் பச்சை குத்திய எண்கள் இருந்தன. அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அந்த மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ரஷ்யா போரில் இறங்கலாம் என்று அமெரிக்கா தன் படைகளை, அணு ஆயுதங்கள் உட்பட, தயார் நிலைக்குக் கொண்டுவந்திருப்பதாக ரேடியோ சொன்னது. அன்று மாலை அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள். சபாத், அதாவது எங்கள் ஓய்வுநாள், ஆரம்பமாகிவிட்டது. மறுநாள் இருட்டும்வரை ரேடியோவைத் தொடக்கூடாது. தொலைபேசியையும் எடுக்கக்கூடாது. உலகம் இருக்குமா போகுமா என்று தெரியாமல் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.

அப்போது தொலைபேசி அடித்தது.

எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார்கள். நான் எழுந்து கையை நீட்டினேன்.

"தொடாதே" என்றார் அப்பா.

"உயிர் போற காரியம்னா சபாத்தை மீறலாமே அப்பா!"

"போனை எடுத்தா அவன் பிழைச்சுடுவானா?" என்றார். மணி நின்றுவிட்டது. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். நான் அப்பாவை அவ்வளவு வெறுத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

நான் என் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். எபிரேய ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. தமிழில்தான் கேட்டேன். "ஆண்டவரே, அண்ணனைத் திருப்பிக் கொடுத்துடுங்க. குண்டு விழுந்துதான் ஆகணும்னா, நாங்க எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கும்போது விழட்டும்." அவ்வளவுதான் ஜெபம்.

தொலைபேசி மறுபடியும் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அதோடு பின்கதவும் தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்மணி, ரோசா ஆன்ட்டி.

"போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து ஓடி வந்தேன்!"

எங்களுக்காக இதைச் செய்யுங்கள் என்று சபாத்தில் யூதரல்லாதவரிடமும் கேட்கக்கூடாது. உள்ளதைச் சொல்லலாம். அம்மா சொன்னாள்: "போன் அடிக்குது. இன்னைக்கு நாங்க எடுக்க மாட்டோம்."

ரோசா ஆன்ட்டி எங்களை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு எடுத்தார். கேட்டார். உடனே கத்தினார். "டேவிட்! உங்க டேவிட்!"

ரிசீவரை அவரே அம்மாவின் காதருகில் பிடித்தார். அண்ணன் அங்கே ராணுவத்துக்கு ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தானாம். ஒரு கீறல்கூட இல்லை. சபாத் தொடங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்து ஓடி வந்து கூப்பிட்டிருக்கிறான். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை முற்பகல். மெல்பர்னில் பொழுது சாய்ந்துவிட்டதை மறந்துவிட்டான்.

"சபாத்துல போன் பண்றியே, உனக்கு அறிவு இருக்காடா?" என்று அம்மா திட்டினாள். திட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா சுவரில் சாய்ந்து நின்று ஓசையில்லாமல் அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

விஷயம் முழுவதும் கேட்டுக்கொண்ட ரோசா ஆன்ட்டி அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். தன் வீட்டில் ஏழு மணிச் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து பின்கதவில் தலையை நீட்டினார். "உலகம் இன்னும் இருக்கு. நீங்க சாப்பிடுங்க." அதற்குப் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் வந்து அதையே சொன்னார். அண்ணன் திரும்பி வந்த பிறகும் நிறுத்தவில்லை. நான் பயமில்லாமல் தூங்கப் பழகியது அந்த வாரங்களில்தான்.

அன்பானவர்களே, நான் கேட்டது அண்ணனை மட்டும்தான். கடவுள் அண்ணனையும் கொடுத்து, பக்கத்து வீட்டில் ஒரு மனுஷியையும் கொடுத்தார். குண்டுகள் இன்றும் இருக்கின்றன, அதை நான் மறைக்கப் போவதில்லை. உங்களுக்கும் ஏதோ ஒரு பயம் இருக்கும். கடவுளை எந்தப் பெயரால் கூப்பிடுகிறீர்களோ, அந்தப் பெயரால் அவரிடம் கேளுங்கள். வார்த்தை வராவிட்டால் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள், அவருக்குப் புரியும்.

ரோசா ஆன்ட்டி இப்போது இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மெழுகுவத்தி ஏற்றியதும் அந்த வார்த்தைகளை நான் சொல்கிறேன். "உலகம் இன்னும் இருக்கு." என் பேரப்பிள்ளைகள் அதற்கு ஆமென் சொல்கிறார்கள்.