கல்லுக்கு முன்னால் செல்வி

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மதிய வெயில். கரிசல் புழுதி கண்ணை அறுக்கிறது. நான் ஒதுங்கிய பரோட்டாக் கடையில் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறோம். அடுப்பு எரிகிறது, கல் காய்கிறது, போட ஆள் இல்லை. "பொம்பளை சொல்லி நான் வேலை பாக்கணுமோ?" என்று சற்று முன்தான் மாஸ்டர் துண்டை உதறிவிட்டு இறங்கிப் போனார். எதிர் டீக்கடையில் நிற்கிறார், கடைக்காரி கூப்பிடுவாள் என்று.

கடைக்காரி செல்வி வளையலைக் கழற்றி வைக்கிறாள். எண்ணெய்த் துணிக்கடியில் ஊறிய மாவு உருண்டையை எடுத்து வீசுகிறாள். முதல் வீச்சு கிழிகிறது. இரண்டாவதும்.

"எக்கா, பேசாம அவரக் கூப்பிட்டிருங்க," என்கிறார் பக்கத்து லாரி டிரைவர்.

"அவசரம்னா வேற கடை பாருங்க அண்ணாச்சி. கிழிஞ்சா என்ன, முழுசாவா முழுங்கப் போறீய? சால்னா எப்பவும் நான் வைக்கதுதான்."

டிரைவர் சிரித்துவிட்டு இலையை இழுத்துக்கொள்கிறார். ஓரிடத்தில் கால் தரிக்காத எனக்கும் எழத் தோன்றவில்லை.

ஐந்தாவது வீச்சு காற்றில் விரிகிறது, கிழியாமல். சுருட்டித் தட்டிக் கல்லில் போடுகிறாள். வெந்ததைச் சூடு தணியுமுன் இரு கையாலும் அடித்து உதிர்க்கிறாள். அந்தச் சத்தம் தெருவைத் தாண்டுகிறது.

மாஸ்டர் வருகிறார். நேரே கல்லுப் பக்கம் போகப் பார்க்கிறார். செல்வி நகரவில்லை.

"வாங்க மாஸ்டர். அங்கன பெஞ்சுல இடம் இருக்கு. எத்தன பரோட்டா?"