மதில் தாண்டி வந்த வெஞ்சனம்

போன வாரம் சாணார்பட்டியிலிருந்து திரும்பும் டவுன் பஸ்ஸில், மதியப் பரீட்சைக்குப் போகிற ஒரு பள்ளிக்கூடச் சிறுமி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் சாப்பாட்டுக் கூடை. பஸ் குலுங்கியதில் டப்பா மூடி நெகிழ்ந்து எலுமிச்சைச் சோற்றின் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது.

"சோத்துக்கு வெஞ்சனம் அவிச்ச முட்டையா தாயி?"

"எப்பிடித் தாத்தா கண்டுபிடிச்சீங்க?" என்றவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிழவன் பங்கு கேட்பான் என்று பயந்திருக்கலாம்.

அது என் வித்தையல்ல. என் மனைவி சரோஜாவுடையது.

எங்கள் வீடு திண்டுக்கல்லின் ஓரத்தில், மொட்டை மாடியில் ஏறினால் மலைக்கோட்டை தெரிகிற ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. பின்பக்க மதிலுக்கு அப்பால் எட்டாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. முதுகுத்தண்டில் நோய் வந்து சரோஜா படுக்கையில் விழுந்தபோது, காற்று வரட்டும் என்று மதில் பக்கத்து ஜன்னலோரம் கட்டிலைப் போட்டேன். காற்றோடு பள்ளிக்கூடமும் வந்தது. காலைப் பிரார்த்தனை, வாய்ப்பாடு, விளையாட்டு வாத்தியாரின் விசில். அவள் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

மதியம் பிள்ளைகள் மதில் நிழலில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறப்பார்கள். இவள் கண்ணை மூடி மூக்கை உறிஞ்சுவாள். "கருவாடு ஒண்ணு, முட்டை ரெண்டு, மத்ததெல்லாம் உருளைக்கெழங்கு. போய்ப் பாருங்க." கல்லூரியில் சரித்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, பிள்ளைகள் என்ன தின்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருக்கும். யாருக்கும் தெரியாத விளையாட்டு அது. எனக்கோ எப்போது முடியும், தலையைச் சாய்க்கலாம் என்றிருக்கும். மதியத் தூக்கம் எனக்கு அவ்வளவு முக்கியம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மேலே ஒரு மாடி கட்டி ஒன்பது, பத்து வகுப்புகள் ஆரம்பிக்க நினைத்தார்கள். தெருக்காரர்களின் சம்மதம் வேண்டுமென்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவிலேயே நாற்காலி போட்டுப் பேசினோம்.

"ஆட்டோவா வந்து வாசல்ல நிக்கும். நம்ம வண்டிய எடுக்க முடியாது," என்றார் மோட்டார் கடை முருகேசன்.

"உம்ம வண்டி ஸ்டார்ட் ஆகுறதுக்குள்ள பள்ளிக்கூடமே விட்ரும்யா," என்றார் பஷீர் பாய். தெருவே சிரித்தது.

பாய் தோல் வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவர். மனைவி இல்லை. கூட இருந்தது பேத்தி நஸ்ரின் மட்டும். அவள் பெற்றோர் திருப்பூரில். "புள்ள எட்டு முடிக்கப் போகுது," என்றார். "இங்கயே ஒம்போது வந்தா எங்கூடயே இருக்கும். பள்ளிக்கூடம் மாத்தித்தான் ஆகணும்னா திருப்பூர்லயே சேக்குறேன்னு அவங்கத்தா, எம் மவன், ஒத்தக் கால்ல நிக்கிறான்."

கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. மாடியும் வந்துவிட்டால் என் மதியத் தூக்கம் போச்சு. நான் எழுந்தேன்.

"வீட்ல ஒரு நோயாளி படுத்த படுக்கையாக் கெடக்கா. இருக்கிற சத்தமே அவளுக்குத் தாங்கலை. இன்னொரு மாடி வந்தா..." வகுப்பில் ராஜாக்கள் தோற்ற கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். வேண்டிய இடத்தில் தழுதழுத்தது.

முதலில் பேசியவர் பாய்தான். "தங்கச்சிக்கு ஆகலேன்னா அப்பறம் என்ன பேச்சு? வேணாம்னு சொல்லிருவோம்."

மறுநாள் காலையில் தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். "சத்தம் இம்புட்டுத் தொந்தரவா இருந்துச்சாம்மா? ஒரு வார்த்த சொல்லலியே?"

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே. கொஞ்சம்," என்றாள்.

அவர் படியிறங்கியதும் கேட்டாள்: "பகல்ல அந்தப் பிள்ளைகள விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

பாய் தெருவில்தான் நடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். நான் சூப்பைச் சுட வைக்கப் போனேன். என் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற இடம் அதுதான்.

அன்று மதியம் மணி அடித்ததும் அவள் சொல்லாமலே கல்லில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். "முட்டை மூணு," என்றேன்.

"ஜன்னலைச் சாத்துங்க," என்றாள். "சத்தம் ஆகாதுல்ல எனக்கு."

அதற்குப் பிறகு அந்த விளையாட்டு இல்லை.

அடுத்த கோடையில், இடம் போதாமல், பள்ளிக்கூடம் மொத்தமாகப் புறவழிச் சாலைப் பக்கம் போய்விட்டது. பெஞ்சுகளை லாரியில் ஏற்றியபோது சரோஜா ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். கடைசிப் பெஞ்சு போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள். நஸ்ரின் திருப்பூருக்குப் போனாள். பாய் தனியாகக் கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டு, வீட்டை விற்று அவரும் போனார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "தங்கச்சியப் பாத்துக்கங்க சார்," என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன்.

சரோஜா இன்னொரு மழைக்காலம் வரை இருந்தாள். அந்த நாட்களில் அடிக்கடி, "மணி என்னாச்சு?" என்று கேட்பாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி அன்று வேகமாக நடந்தேன். முட்டையைக் கண்டுபிடித்ததை அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கால்கள் போயின போலிருக்கிறது. வாசலில் நின்று சட்டைப்பையில் சாவியைத் தேடினேன். ஊருக்கெல்லாம் பூட்டு செய்து தருகிற ஊர்தான் எங்களுடையது. ஆனாலும் அவள் உள்ளே இருந்தவரை இந்தக் கதவை வெளியே பூட்டியதில்லை. பூட்டு வாங்கியது அதற்குப் பிறகு.

உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன். மதிலுக்கு அப்பால் அந்தக் கட்டடம் புதர் மண்டிக் கிடக்கிறது. துவைக்கிற கல் அதே இடத்தில் இருக்கிறது. என் முழங்கால்தான் இனி ஏறாது.

"எலுமிச்சைச் சோறு, முட்டை ஒண்ணு," என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரம். மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.